நாமே தேர்ந்தெடுக்கிறோமா? சுயவிருப்பம், நிர்ணயவாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த விவாதம் எதைப் பற்றியது?

நேற்று கோபத்தில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டீர்கள். இரவு படுக்கையில் "சொல்லாமல் இருந்திருக்கலாமே" என்று புரள்கிறீர்கள். உண்மையிலேயே சொல்லாமல் இருந்திருக்க முடியுமா? அதே தூக்கக் குறைவு, அதே மூளை, அதே வளர்ப்பு, எதிரே அதே ஆள், அவர் கிளப்பிய அதே பேச்சு. எல்லாம் அச்சு அசலாக அப்படியே இருக்க, உங்கள் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்திருக்குமா?

"வந்திருக்கும், அது என் கையில்தான் இருந்தது" என்பவர் சுயவிருப்பத்தின் பக்கம். "அத்தனை காரணங்களும் சேர்ந்தால் அந்த வார்த்தைதான் வரும்" என்பவர் நிர்ணயவாதி. தத்துவத்தில் இது மிகப் பழைய சண்டை. உளவியலுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. நடத்தைக்குக் காரணம் தேடுவதுதான் அதன் தொழில். மனிதர் காரணமே இல்லாமல் நடந்துகொள்வார் என்று ஒப்புக்கொண்டால் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிடலாம். ஆனால் அதே உளவியலாளர் மாலையில் ஆலோசனை அறையில் உட்கார்ந்து, எதிரே இருப்பவரிடம் "நீங்கள் நினைத்தால் மாறலாம்" என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிர்ணயவாதம் என்றால் தலையெழுத்துதானே?

இல்லை. இரண்டையும் 'விதி' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுவதால் வரும் குழப்பம் இது. தலையெழுத்து என்றால் எந்த வழியில் போனாலும் முடிவு ஒன்றுதான். நடுவில் நீங்கள் செய்வதற்கு மதிப்பில்லை. நிர்ணயவாதத்தில் நடுவில் செய்வதுதான் எல்லாமே. படித்ததால் தேறினீர்கள், படிக்காவிட்டால் தேறியிருக்க மாட்டீர்கள். நீங்கள் உட்கார்ந்து படித்ததற்கும் காரணம் இருந்தது என்பதை மட்டும் நிர்ணயவாதி சேர்த்துக்கொள்கிறார்.

"நடப்பது நடக்கட்டும், மருந்து எதற்கு?" என்று கேட்பவர் தலையெழுத்துக்காரர். நிர்ணயவாதி அப்படிக் கேட்க மாட்டார், ஏனென்றால் அவர் கணக்கில் மருந்தும் ஒரு காரணம். இந்த வித்தியாசம் பிடிபட்டாலே பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

உளவியலில் யார் எந்தப் பக்கம்?

பாடப்புத்தகங்கள் இதைக் கட்டம் போட்டுக் காட்டும்: உயிரியல் நிர்ணயவாதம், சூழல் நிர்ணயவாதம், உள நிர்ணயவாதம், எதிர்ப்பக்கம் மனிதநேய உளவியல். பரீட்சைக்கு அது போதும். ஆட்களை வைத்துப் பார்த்தால் இன்னும் சுவையாக இருக்கும்.

ஃபிராய்டுக்கு எதுவுமே தற்செயல் இல்லை. 1901இல் அன்றாடத் தவறுகளைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். நாக்கு குழறுவது, தெரிந்த பெயர் மறந்துபோவது எல்லாவற்றுக்கும் அடிமனதில் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது என்பது அவர் கட்சி. நடத்தையியலாளர் ஸ்கின்னர் மனதுக்குள்ளேயே போக மறுத்தார். ஒரு செயலுக்குப் பின்னால் என்ன பலன் கிடைத்தது என்பதுதான் அந்தச் செயல் திரும்ப வருமா என்பதைத் தீர்மானிக்கும் என்றார். 1971இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே சுதந்திரத்தையும் கண்ணியத்தையும் தாண்டிப் போகச் சொன்னது. வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

அவருக்கு நேரெதிரே நின்றவர் மனிதநேய உளவியலைச் சேர்ந்த கார்ல் ரோஜர்ஸ். இருவரின் வாதங்களும் 1956இல் 'சயன்ஸ்' இதழில் சேர்ந்தே வெளிவந்தன. பள்ளியும் விளம்பரமும் அரசும் நம்மை ஏற்கெனவே ஆட்டுவிக்கின்றன, அந்தக் கயிற்றை நல்லதுக்காக வெளிப்படையாகப் பிடித்தால் என்ன என்பது ஸ்கின்னர் கேட்டது. கயிறு யார் கையில், எந்த நோக்கத்துக்கு, அந்த நோக்கத்தை யார் தேர்ந்தெடுத்தது என்று ரோஜர்ஸ் திருப்பிக் கேட்டார். இத்தனை வருடம் கழித்துப் படித்தாலும் ரோஜர்ஸின் அந்தக் கேள்விக்கு ஸ்கின்னரிடம் சரியான பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதே சமயம், நாம் ஏற்கெனவே ஆட்டுவிக்கப்படுகிறோம் என்பதில் ஸ்கின்னர் சொன்னதுதான் சரி. போனைக் கையில் எடுத்த நோக்கமே மறந்துபோய் அரை மணி நேரம் விரலால் தள்ளிக்கொண்டிருக்கும் எவருக்கும் இது புரியும்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா நடுவில் வந்து, ஆள், செயல், சூழல் மூன்றும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கின்றன என்றார். சூழல் உங்களை உருவாக்குகிறது. நீங்களும் யாரோடு சேர்வது, எங்கே போவது என்பதன் வழியாக உங்கள் சூழலை உருவாக்குகிறீர்கள்.

வன்மையான நிர்ணயவாதம், மென்மையான நிர்ணயவாதம் என்கிறார்களே?

இந்தப் பிரிவுக்குப் பெயர் வைத்தவர் அமெரிக்கத் தத்துவவாதியும் உளவியலாளருமான வில்லியம் ஜேம்ஸ், 1884இல். வன்மைக்காரர் எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, ஆகவே சுதந்திரம் பொய் என்பார். காரணம் இருந்தால் இருக்கட்டும், யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாமல் என் ஆசைப்படியும் யோசனைப்படியும் நடந்தால் அதுவே சுதந்திரம் என்பார் மென்மைக்காரர். இன்று இதை இணக்கவாதம் என்றும் சொல்கிறார்கள்.

ஜேம்ஸுக்கு அந்த மென்மை பிடிக்கவில்லை, மழுப்பல் என்று நினைத்தார். அவருக்கு இது ஏட்டுச் சண்டையும் இல்லை. 28 வயதில் கடும் மனச்சோர்வில் கிடந்தார். 1870 ஏப்ரல் 30 அன்று தன் நாட்குறிப்பில், சுயவிருப்பத்தோடு தான் செய்யும் முதல் காரியம் சுயவிருப்பம் உண்டு என்று நம்புவதே என்று எழுதி வைத்தார். அதிலிருந்துதான் மெல்ல எழுந்தார் என்பார்கள். அந்த முடிவுக்குத் தூண்டுதல், ரெனூவியே என்ற பிரெஞ்சுத் தத்துவவாதியின் நூல் ஒன்றின் முதல் பகுதியை முந்தின நாள் படித்து முடித்தது. அதாவது, சுயவிருப்பத்தை நம்பும் முடிவுக்கே ஒரு காரணம் இருந்திருக்கிறது!

நாம் முடிவெடுப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று நிரூபித்துவிட்டார்களாமே?

அதிகம் கேட்கப்படுவதும், பாதியில் நிறுத்திச் சொல்லப்படுவதும் இதுதான். 1983இல் மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட சோதனையிலிருந்து தொடங்குவோம்.

தலையில் மின்முனைகளோடு ஒருவரை உட்கார வைத்தார்கள். தோன்றும்போது மணிக்கட்டை அசைக்கலாம், அவ்வளவுதான் வேலை. எதிரே ஒரு கடிகாரம், அதில் 2.56 விநாடிக்கு ஒரு சுற்று ஓடும் ஒளிப்புள்ளி. அசைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்று அவர் பிறகு சொல்ல வேண்டும். எண்ணம் எழுந்ததாகப் பங்கேற்றவர்கள் சொன்ன நேரம், அசைவுக்குச் சுமார் 200 மில்லி விநாடி முன்னால். ஆனால் மூளையில் ஒரு மெல்லிய மின் ஏற்றம், அதாவது ஆயத்த மின்னழுத்தம், சுமார் 550 மில்லி விநாடி முன்னாலேயே தொடங்கியிருந்தது. அப்படியானால் மூளை முதலில், 'நான்' பிறகு. முடிவெடுத்த பிறகு நமக்குத் தகவல் மட்டும் வருகிறது என்று பலரும் எழுதினார்கள்.

லிபெட் அப்படிச் சொல்லவில்லை. கடைசி நொடித்துண்டில் 'வேண்டாம்' என்று நிறுத்தும் அதிகாரம் நமக்கு இருக்கிறது என்பது அவர் நிலை. 'மூளை முதலில்' என்ற வாதத்துக்கு அதைவிடப் பெரிய அடி 2012இல் வந்தது. ஆரோன் ஷுர்கரும் உடன் உழைத்தவர்களும், அந்த மின் ஏற்றம் ஒரு முடிவே இல்லாமல் இருக்கலாம் என்று காட்டினார்கள். மூளையின் மின்னோட்டம் எப்போதும் தானாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். எப்போது வேண்டுமானாலும் அசைக்கலாம் என்று விட்டுவிட்டால், அந்த ஏற்ற இறக்கம் ஒரு வரம்பைத் தொடும்போது கை அசையும்.

கடற்கரைப் படிக்கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அலை மூன்றாம் படியை நனைத்த தருணங்களை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் முந்தின சில விநாடிகளின் படங்களை அடுக்கிப் பாருங்கள். எல்லாவற்றிலும் தண்ணீர் ஏறிக்கொண்டேதான் இருக்கும். மூன்றாம் படியைத் தொடக் கடல் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது என்று அதற்கு அர்த்தமா? லிபெட்டின் வரைபடமும் அசைவு நடந்த தருணங்களிலிருந்து பின்னோக்கி எடுத்த சராசரிதான்.

இன்னொன்றும் இருக்கிறது. மணிக்கட்டை இப்போது அசைப்பதா, அப்புறம் அசைப்பதா என்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? 2019இல் ஊரி மாவோஸ் குழு, இரண்டு தொண்டு நிறுவனங்களில் எதற்கு நிஜப் பணம் போக வேண்டும் என்று ஆட்களைத் தேர்ந்தெடுக்க வைத்தது. எதை அழுத்தினாலும் இரண்டுக்கும் சமமாகப் பணம் போகும் சுற்றுகளில் ஆயத்த மின்னழுத்தம் தெளிவாகத் தெரிந்தது. தேர்வுக்குத் தக்கபடி பணம் போகும் சுற்றுகளில் அது கிட்டத்தட்டக் காணவே இல்லை. ஆக, நமக்கு முக்கியமான முடிவுகளைப் பற்றி அந்தப் பழைய வரைபடம் அதிகம் சொல்லவில்லை.

ஏழு, பத்து விநாடிக்கு முன்பே ஸ்கேனில் தெரிந்துவிடுகிறதாமே?

2008ஆம் ஆண்டு ஆய்வு அது. இடது பொத்தானா வலதா என்பதை மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனை வைத்துப் பல விநாடிகளுக்கு முன்பே கணித்தார்கள். கணிப்பு சரியாக இருந்தது சுமார் 60 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50. எந்தப் பக்கம் சாய்வு இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாம் ஜீனில் எழுதியிருக்கிறதா?

2015இல், ஐம்பது ஆண்டு இரட்டையர் ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சுமார் 1.45 கோடி இரட்டையர் ஜோடிகள், 17,804 பண்புகள். மரபுவழிப் பங்கு சராசரியாக 49 சதவீதம் வந்தது. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு "என் கோபத்தில் பாதி அப்பா கொடுத்தது" என்று கணக்குப் போடக் கூடாது. ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய எண் அது. தனி ஒருவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மீதி சூழல் என்றாலும் அதுவும் நாம் தேர்ந்தெடுத்ததா என்ன?

ஒரு மாத்திரை ஆளையே மாற்றிவிடும் என்றால் 'நான்' எங்கே?

என்னை அதிகம் தொந்தரவு செய்யும் கேள்வி இது. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மருந்துகள், ஆசையையும் ஊக்கத்தையும் தூண்டும் டோபமைன் என்ற மூளை ரசாயனம் போலவே வேலை செய்யும். அவற்றைச் சாப்பிடுவோரில் ஒரு பகுதியினருக்கு, வாழ்நாளில் சீட்டைத் தொடாதவராக இருந்தாலும், திடீரென்று சூதாட்ட வெறி பிடிக்கிறது. சிலர் கட்டுப்பாடில்லாமல் பொருள் வாங்கிக் குவிக்கிறார்கள். மருந்தைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் அது அடங்கிவிடுகிறது. (மருத்துவரைக் கேட்காமல் யாரும் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம், அது ஆபத்து.)

அந்த நாட்களில் அவரைக் கேட்டால் "எனக்கு ஆட வேண்டும் போலிருக்கிறது, அதனால் ஆடுகிறேன்" என்றுதான் சொல்வார். வெளியிலிருந்து யாரோ தள்ளுவதாக அவருக்குத் தோன்றாது. நம் ஆசை நமக்குச் சொந்தமானதாகத் தோன்றுகிறது என்பது மட்டும் நாம் சுதந்திரமானவர்கள் என்பதற்குச் சாட்சி ஆகாது. மென்மைக்காரர்கள் இதை எளிதாகத் தாண்டிப் போக முடியாது. அவர்கள் சொல்லக்கூடிய நல்ல பதில் ஒன்று உண்டு: ஆசை எங்கிருந்து வந்தது என்பதைவிட, அந்த ஆசையை எடைபோட்டு நிறுத்தும் திறன் மிச்சம் இருந்ததா என்று பாருங்கள். இந்த மருந்து சிலரிடம் கைவைப்பது அந்தத் திறனில்தான்.

போதைக்கு அடிமையாவது விருப்பமா, நோயா?

இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நம்பாதீர்கள். வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். அந்த வீரர்கள் ஊர் திரும்பிய பிறகு, லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைத் தொடர்ந்து விசாரித்தார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில் ஓராண்டுக்குள் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். இடமும் ஆட்களும் மாறியது பெரிய காரணம். பிடித்தால் விடவே விடாத பேய் என்றால் இது நடந்திருக்காது.

அதற்காக, மன உறுதி இருந்தால் எவரும் விட்டுவிடலாம் என்று கிளம்பவும் முடியாது. சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இல்லை என்று வந்தால் பரிசுச்சீட்டு தரும் சிகிச்சை முறை ஒன்று இருக்கிறது, பலருக்குப் பலனும் தருகிறது. பலனைக் காட்டினால் நடத்தை மாறுகிறது என்பதால் ஸ்கின்னர் கட்சிக்காரர் இதைத் தன் வெற்றி என்பார். பலனைப் பார்த்து முடிவை மாற்ற முடிகிறதே, அதுதானே தேர்வு என்பார் மற்றவர். ஒரே தரவு, இரண்டு கொடி.

மில்கிராம் சோதனை மனிதன் பொம்மை என்று காட்டவில்லையா?

1963இல் வெளியானதில், 40 பேரில் 26 பேர் சோதனையாளர் சொன்னார் என்பதற்காக, அடுத்த அறையில் இருப்பவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி கொடுத்தார்கள் (கொடுப்பதாக நம்பினார்கள்). மற்ற 14 பேர் நடுவிலேயே மறுத்துவிட்டார்கள், அதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். பின்னர் நடந்த ஒரு மாற்றுச் சோதனையில் பக்கத்தில் இருவரை உட்கார வைத்து, அவர்கள் நடுவில் மறுத்து எழுவதுபோல நடிக்கச் செய்தார்கள். அப்போது கடைசி வரை போனவர்கள் 40 பேரில் 4 பேர்தான்.

என் பார்வையில் இந்த விவாதத்துக்கே மிக முக்கியமான எண் இந்த நான்குதான். பக்கத்தில் இருவர் மறுத்ததும் ஒரு சூழல் காரணம். ஆனால் அந்தக் காரணம் ஆளைக் கட்டிப்போடவில்லை, அவிழ்த்துவிட்டது. காரணங்கள் எல்லாமே சுதந்திரத்துக்கு எதிரி என்று நினைப்பதில்தான் பிழை இருக்கிறது.

சுயவிருப்பம் இல்லை என்று நம்பினால் ஜனங்கள் கெட்டுப்போவார்களா?

2008இல் வோஸ், ஸ்கூலர் என்ற ஆய்வாளர்கள் இருவரும், சுயவிருப்பம் மாயை என்று சொல்லும் பத்தியைப் படித்தவர்கள் அதிகம் ஏமாற்றினார்கள் என்று எழுதினார்கள். செய்தித்தாள்களுக்கு நல்ல தீனி. பின்னர் பிறர் அதே சோதனையை மறுபடி செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. ஒரு பத்தி படித்ததால் குணம் மாறும் அளவுக்கு மனிதர்கள் லேசானவர்களாக இல்லை.

அப்படியானால் குற்றவாளியைத் தண்டிப்பது நியாயமா?

பழிவாங்குவதற்காகத் தண்டனை என்றால் அந்த அடித்தளம் ஆட்டம் காணும். பிறரைக் காக்க, ஆளைத் திருத்த என்றால் நிர்ணயவாதிக்கும் அதில் தடையில்லை. நடைமுறையில் என்ன ஆகிறது? 2012இல் அமெரிக்க நீதிபதிகள் 181 பேரிடம் ஒரு கற்பனை வழக்கைக் கொடுத்தார்கள். குற்றவாளி மனப்பிறழ்வு ஆளுமை கொண்டவர் என்று எல்லோருக்கும் சொல்லி, பாதிப் பேருக்கு மட்டும் அதற்கு உயிரியல் காரணம் உண்டு என்ற விளக்கத்தையும் சேர்த்தார்கள். விளக்கம் கிடைத்தவர்கள் கொடுத்த தண்டனை சராசரியாக 12.83 ஆண்டு, கிடைக்காதவர்கள் கொடுத்தது 13.93. மூளையைக் காட்டினால் மொத்தமாக மன்னித்துவிடுவார்கள் என்ற பயம் உண்டு, ஆனால் தண்டனை சுருங்கியது சுமார் ஒரு வருடம்தான்.

குவாண்டம் இயற்பியல் சுயவிருப்பத்தைக் காப்பாற்றாதா?

காப்பாற்றாது. அணுவுக்குள் தற்செயல் இருக்கலாம். தற்செயலாக என் கை தூக்கினால் அது வலிப்பு, என் முடிவு இல்லை.

கட்டுப்பாடு என் கையில் இல்லை என்ற எண்ணம் மனதை என்ன செய்யும்?

1967இல் செலிக்மன், மையர் என்ற உளவியலாளர்கள் இருவரும் நாய்களை வைத்துச் செய்த சோதனையைச் சொல்லியாக வேண்டும். என்ன செய்தாலும் நிற்காத மின்னதிர்ச்சியை வாங்கிய நாய்களில் பல, பிறகு எளிதாகத் தப்பிக்கும் வழி இருந்தும் முயலாமல் படுத்துக்கிடந்தன. கற்றுக்கொண்ட கையாலாகாத்தனம் என்று இதற்குப் பெயர். இன்று பார்த்தால் கொடுமையான சோதனை, சந்தேகமில்லை.

ஐம்பது வருடம் கழித்து, 2016இல், அதே இருவர் தங்கள் விளக்கத்தைத் தாங்களே தலைகீழாக்கினார்கள். நீண்ட நேரத் துன்பத்தில் முடங்கிப்போவது மூளை கற்பது இல்லை, அதன் இயல்பான எதிர்வினை. கற்க வேண்டியிருப்பது கட்டுப்பாட்டைத்தான். நான் செய்வதால் ஏதோ மாறுகிறது என்று முன்மூளை ஒருமுறை கண்டுகொண்டால், அது அந்த முடக்கத்தை அடக்குகிறது. சொந்தக் கோட்பாட்டை இப்படித் திருப்பிப் போட ஒரு தைரியம் வேண்டும்.

சரி, நீங்கள் எந்தப் பக்கம்?

நம் தேர்வுகளுக்கெல்லாம் காரணம் உண்டு என்று நம்புகிறேன். அதனால் தேர்வு பொய் என்று சொல்ல மாட்டேன். சுதந்திரத்தை உண்டு, இல்லை என்று இரண்டாகப் பிரிப்பதைவிட, நீச்சல் போல ஒரு திறனாக எண்ணிப் பார்ப்பது எனக்குப் பொருந்துகிறது. சிலருக்குக் கூடுதலாக, சிலருக்குக் குறைவாக இருக்கும். தூக்கம் கெட்டால் சுருங்கும், சில மருந்தில் சுருங்கும், பக்கத்தில் துணைக்கு இருவர் இருந்தால் விரியும். வன்மைக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்தத் திறன் கிடைத்ததும் உன் அதிர்ஷ்டம்தானே என்பார்கள். ஆமாம், அதிர்ஷ்டம்தான். அதனால்தான் கிடைக்காதவரைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய?

"இனிமேல் கோபப்படவே மாட்டேன்" என்ற சபதத்தை விட்டுவிடுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகளாக ஆராய்ந்த ஒரு சின்ன உத்தி இருக்கிறது: 'இப்படி நடந்தால், இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது. 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் நோக்கத்தைவிட இது கணிசமாகப் பலன் தருவது தெரிந்தது. "அவர் குரலை உயர்த்தினால், எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன்" என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் வரும்போது யோசிக்க வேண்டியதில்லை, கால் தானாக எழும். அந்த நொடியில் தானாக நடப்பது நேற்று நிதானமாக இருந்தபோது நீங்கள் போட்டு வைத்த முடிச்சு. சபதத்தில் இல்லாதது அந்த 'நடந்தால்' என்ற முதல் பாதி. எழுதும்போது அதைத்தான் கவனமாக எழுத வேண்டும்: எந்த இடம், எந்த ஆள், எந்தப் பேச்சு.